கிரேன்காரரின் கண்கள்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அதில் அவரைவிட எனக்குத்தான் பெருமை. ஒருநாள் மேலேயிருந்து இறங்கியவர் தள்ளாடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார். சூப்பர்வைசர் வேறென்ன நினைப்பார்? குடித்துவிட்டு ஏறினான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குடியில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் இனி ஏணியில் கால் வைக்கலாம் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவரைச் சொல்லி என்ன பயன்? நானே அன்றைக்கு இவர் வாயை மோந்து பார்த்தேன். கல்யாணமான புதிதில் இவருடைய குடியால் நான் பட்ட பாடு அப்படி. வாசனை ஒன்றும் இல்லை. காதுக்குள் மோட்டார் ஓடுகிறது, வீடே சுற்றுகிறது என்று தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்தத் தலைசுற்றல் வந்தது. இரண்டு முறையும் ஆட்டோ பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சுற்றல் நின்றுவிட்டது. டாக்டர் முன்னால் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காது மூக்குத் தொண்டை பார்க்கும் அந்த டாக்டரம்மா, தலை சுற்றும்போது கண் எப்படி ஆடுகிறது என்று பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அடுத்த முறை போனில் கண்ணைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து வரச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சுவரிலிருந்து எடுத்த பாடுபட்ட சுரூபம். நோயில் கிடப்பவரின் கண்ணெதிரே சிலுவையைப் பிடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். என் அப்பாவுக்கும் அப்படித்தான் பிடித்தோம். ஆண்டவரையே பாரு, கண்ணை எடுக்காதே என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன்.

டாக்டரம்மா அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு, கண் ஆடவே இல்லையே, எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றையே உற்றுப் பார்த்தால் கண் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும், ஆட்டம் மறைந்துவிடும், அதனால் பார்ப்பதற்கு எதையும் காட்டாதீர்கள் என்றார். அதுவரை வரக்கூடாது என்று செபித்த நான், சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். பாவிதான் நான்.

பத்து நாள் கழித்து மதியச் சோற்று நேரத்தில் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுச் சாய்ந்தார். கை சுவரில் சுரூபத்தைத் தேடியது.

"அதக் குடுமே."

நான் கொடுக்கவில்லை. இமையை விரலால் பிடித்து, போன் விளக்கைப் போட்டு எடுத்தேன். இரண்டு கருவிழிகளும் ஒரு பக்கமாக மெல்ல நழுவுவதும், வெடுக்கென்று திரும்புவதும், மறுபடி நழுவுவதுமாக இருந்தன. குடுமே, குடுமே என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அரை நிமிடம் எடுத்தேன். பிறகு போனைப் போட்டுவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

காதுப் பரிசோதனையெல்லாம் முடித்து, இது குடியில்லை, உள்காது நோய் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். உயரம் வேண்டாம் என்றும் சொன்னார். கொஞ்ச நாளைக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். இவரை வீட்டில் விட்டுவிட்டு, சீட்டோடும் போனோடும் நேரே துறைமுக கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசரை வெளியே வரவழைத்து வீடியோவை முழுசாகப் பார்க்க வைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு சீட்டின் அடிவரை படித்தார்.

"எப்ப வரும்னு தெரியாதுன்னு போட்டுகீதேம்மா. இனிமே அவர மேல ஏத்த முடியாது."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கீழே வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் போனை வாங்கித் தன் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன்.

"குடிகாரன்னே வுட்டிருக்கலாமே நீ," என்றார். "குடிய வுட்டுட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணி, சூப்பர்வைசர் கால்ல வுழுந்தாவது மறுபடியும் ஏறியிருப்பேன்."