பிலிப்பின் இரண்டாம் பயணம்

கடந்த கிழமை ஒஸ்லோவின் குரோருட் நூலக வாசலில், விரும்பியவர் எடுத்துச் செல்லலாம் என்று வைத்திருந்த பெட்டியில் பிலிப்பின் புத்தகத்தைக் கண்டேன். விரித்ததும் நனைந்த கம்பளிச் சட்டையின் மணம் வந்தது போலிருந்தது. அது புத்தகத்தின் மணமன்று, பிலிப்பினுடையது. குடை பிடிக்க மறுத்த ஆங்கிலேயர் என்று நான் அறிந்தவர் அவர் ஒருவரே.

இலங்கைப் போரை நிறுத்த நோர்வே நடுநின்ற பேச்சுவார்த்தைக் காலம் அது. இங்கே குடியேறிய ஈழத்தமிழரான எங்களைப் பற்றி எழுதப் பலரும் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். விடைகளையும் கையோடு கொண்டு வந்தார்கள். மூடப்பட்ட சுரங்கமொன்றைப் பற்றிய நூலில் தொடங்கிய பிலிப், அப்போது நூல்கள் ஐந்தும் ஆவணப்படங்கள் நான்கும் முடித்திருந்தார். முதலில் குறிப்பேட்டோடு வந்து எழுதுவார். எழுதியதை நம்பாமல் கமெராவோடு மறுபடி வருவார். அவரது தொழில் முழுவதும் அந்த இரண்டாம் பயணத்தில்தான் இருந்தது. மொழிபெயர்க்க என்னை அழைத்தார். நன்றியுரையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போடும்படி நான் கேட்டதை மறைக்க விரும்பவில்லை.

நகரின் புருசெத் பகுதியில் தவமணி வீட்டில் படப்பிடிப்பு. திருகோணமலைக்காரர். ஊரில் நான் ஆசிரியராக இருந்ததால் என்னை மாஸ்டர் என்பார்.

"பன்ரண்டு வருசமா ஹோட்டல்லை கக்கூஸ் கழுவுறன். அம்மாவுக்கு ஒபிஸ் வேலை எண்டு பொய் சொல்லிப்போட்டன். அவ கண்ணை மூட முந்தி உண்மை தெரியோணும். போன்லை சொல்ல வாய் வரேல்லை. அதுதான் இதிலை சொல்லுறன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் விருந்தோம்பல் துறையில் பணிபுரிகிறார், தாயார் பெருமைப்படுகிறார்.

தவமணி என்னைப் பார்த்தார். "மாஸ்டர், நான் அவ்வளவு கதைச்சன். நீங்கள் ரெண்டு வசனத்திலை முடிச்சுப்போட்டியள். டொய்லெட் எண்ட சொல்லே வரேல்லை. அது எனக்கு விளங்காதோ?"

"பாக்கிற சனம் என்ன நினைக்கும், பிள்ளை?"

"அவையளின்ரை வீட்டிலையும் கக்கூஸ் இருக்குத்தானே."

கமெரா ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். பிலிப் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். அந்த வரி நூலில் வந்து என் பெயரைக் கெடுக்குமோ என்று இரண்டு வருடம் அஞ்சினேன்.

வரவில்லை. தவமணியின் வாக்கியத்தில் நூல் தொடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் நான், பி.ஏ.யோடு. படத்தைப் பார்த்த தவமணியின் தாயார், "கையுறை போட்டுத்தானே செய்யிறாய்?" என்று மட்டும் கேட்டாராம்.

புறப்படும் நாளில் பிலிப், அடுத்தமுறை உங்கள் கதை என்றார். சொல்ல ஒன்றுமில்லை என்றேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் கல்வித் துறையில் இருந்தேன். உண்மையில் ஒரு பாடசாலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். என் தாயார் அதை அறியாமலே போனார்.

பிறகு இத்தகைய படங்களை வாங்கத் தொலைக்காட்சிகள் இல்லாமற்போயின. பிலிப் கமெராவை விட்டுப் புத்தகத்துக்கே திரும்பினார். சென்ற ஆண்டு காலமானார். தவமணி மகனோடு ஸ்தவாங்கர் நகரில் இருக்கிறார். அந்தப் படத்தின் கசெற் என்னிடம் உண்டு. போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை. ஒன்றுமில்லை என்று சொன்னவனிடம் மறுபடி வந்து கேட்கிற மனிதரும் இல்லை.