வில்லனுக்குத் தைத்த கோட்

அந்தக் கோட்டைத் தைத்தபோது எனக்கு இருபத்தொரு வயது. ஆண்களின் உடுப்பு எதையும் அதுவரை நான் தைத்ததில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு கால் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாப்பா மௌத்தாகி நாலு வருஷம். வீட்டில் உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, ராத்தாவின் புருஷனான மச்சான், நான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மச்சான் கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். குடியில்லை, வெற்றிலையில்லை, ராத்தாவுக்குக் கை ஓங்கியதில்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன்.

மச்சானின் தம்பி கட்டாரிலிருந்து வந்தபோது ஒரு கலர் டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சோறு தின்ற கையோடு மச்சானின் விளையாட்டுக் கழகத்துக் கூட்டாளிகள் வந்து முன் அறையில் குந்திவிடுவார்கள். என் மெஷினை மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். நாங்கள் பெண்கள் அடுக்களை வாசலில் திரைக்குப் பின்னால் இருந்து பார்ப்போம்.

அதில் ஒரு ஹிந்திப் படம் மச்சானுக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. கதாநாயகனை அவருக்கு ஞாபகமே இல்லை. வில்லன்தான். கணுக்கால் வரை சாம்பல் நிற அங்கி, அதற்குள் கழுத்தோரம் மட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு கறுப்பு அங்கி, இரண்டுக்கும் மேலே முழங்கால் வரை ஒரு கறுப்புக் கோட். கொலர் காது வரை நிமிர்ந்து நிற்கும். கொலரைச் சுற்றி மிருக மயிர். ஓரமெல்லாம் செம்பு நிறக் கயிறு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கழகம் நடத்தும் விளையாட்டு விழாவில் வினோத உடைப் போட்டி இருக்கும். முந்தின வருஷம் ஒருவர் மழைக்கோட்டில் பெயின்ற் அடித்து வில்லன் என்று வந்து சனத்தின் கூவலோடு திரும்பிப் போனார். மச்சான் அப்படிப் போக மாட்டாராம்.

“படத்துல இரிக்கிற மாதிரியே வேணும் புள்ள. ஒரு நூல் பிசகக் கூடாது,” என்றார்.

நான் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். பாவாடையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்துத் தைத்து எனக்குக் கை மரத்துப் போயிருந்தது. யாரும் என்னிடம் கஷ்டமான ஒரு வேலையைத் தந்ததில்லை.

கோட்டின் தோள் எப்படி விறைப்பாக நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. மச்சான் நடைபாதையில் விற்கும் வெளிநாட்டுப் பழைய உடுப்புக் குவியலிலிருந்து ஒரு கோட் வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்துப் படித்தேன். யாரோ ஒருவன் வருஷக்கணக்காக வேர்த்த கோட். கக்கத்தில் துணி மஞ்சளாகிக் கருவாடு போல மொரமொரத்தது. தையலைப் பிரிக்கப் பிரிக்க அந்த நாற்றம் புதிதாகக் கிளம்பியது. உள்பையில் மூக்குச் சிந்திய ஒரு கைலேஞ்சி இருந்தது, காய்ந்து ஒட்டிப்போய். அதை ஈர்க்கால் தூக்கி வெளியே எறிந்தேன். ஆனாலும் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில் விறைத்த கன்வஸ் துணியை எப்படிக் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்டபோது நாற்றம் மறந்துபோனது.

துணியின் நிறம் பெரிய சண்டை. டீவியில் ஒரு குமிழைத் திருப்பினால் அங்கி பச்சையாகும், மற்றப் பக்கம் திருப்பினால் கத்தரிப்பூ நிறமாகும். மச்சான் கடையிலிருந்து சாட்டின் துண்டுகளைக் கொண்டுவந்து டீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார். கடைசியில் வில்லனின் மூஞ்சி மனித மூஞ்சி நிறத்துக்கு வரும் மட்டும் குமிழைத் திருப்பி, அப்போது தெரிந்த சாம்பலை எடுத்தோம். அது என் யோசனை. மச்சான் என்னைக் கெட்டிக்காரி என்றார்.

கொலர் மயிருக்குக் கட்டாரிலிருந்து வந்த புசுபுசுப் போர்வையில் ஒரு துண்டு வெட்டலாம் என்றேன். அது காற்றில் அசையாது என்று மச்சான் மறுத்துவிட்டார். பெருநாளைக்கு அறுத்த ஒரு கறுப்பு ஆட்டின் தோலை இறைச்சிக்காரரிடம் கேட்டு வாங்கி, உப்புப் பூசி வேலியில் காயப்போட்டார். மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை. ஊசி குத்திய இடமெல்லாம் பழுப்பாக ஏதோ கசிந்தது. விரலிடுக்கில் கொழுப்பு ஏறி, சவர்க்காரம் போட்டாலும் தேசிக்காய் தேய்த்தாலும் போகவில்லை. நாலு நாள் நான் கரண்டியால் சோறு தின்றேன். உம்மா என் மெஷின் பக்கம் வராமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்.

இவ்வளவும் அரியண்டம்தான், அருவருப்புத்தான். ஆனால் இதெல்லாம் கழுவினால் போகிற வகை.

மிஞ்சியது கோட்டின் பின்பக்கம். படத்தில் வில்லனின் முதுகு முழுசாகத் தெரிவது ஒரே ஓர் இடத்தில். கதாநாயகனின் தங்கச்சியை அவன் ஆட்கள் இழுத்து வந்து நிலத்தில் தள்ளுவார்கள். அவன் நடந்து வந்து, அவளுடைய அவிழ்ந்த கூந்தலைச் சப்பாத்தால் மிதித்துக்கொண்டு குனிவான். குனியும்போது இடுப்புக்குக் கீழே கோட்டின் மடிப்புகள் விசிறி போல விரியும். எத்தனை மடிப்பு என்று எண்ண வேண்டும். ஓடும் படத்தில் எண்ண முடியாது. நிறுத்தினால் சரியாக அந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஓடி மறைத்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப ஓட்டினோம்.

அன்றைக்குக் கூட்டாளிகள் ஐந்து பேர் இருந்தார்கள். மச்சான் என்னைக் கூப்பிட்டு முன் அறைக் கதவோரம் இருக்கச் சொன்னார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொப்பியும் பென்சிலுமாக இருந்தேன். முதல் இரண்டு தடவை எல்லோரும் மடிப்பைத்தான் பார்த்தார்கள். மூன்றாந்தரம் டெக்கைப் பிடித்திருந்தவர் கொஞ்சம் கூடப் பின்னால் ஓட்டிவிட்டார். அவளை இழுத்து வருகிற இடம். நாலாந்தரம் இன்னும் பின்னால், அவளுடைய சட்டை கிழிகிற இடம்.

“மச்சான், மடிப்பு அங்க இல்ல,” என்றேன்.

“ஓம் ஓம், வருது,” என்றார், கண்ணை எடுக்காமல்.

பின்னால் ஓடும்போது படத்துக்குச் சத்தம் இல்லை. அந்தப் பெண் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒருவர் சாரத் தலைப்பால் வாயைத் துடைத்தார். ஒருவர், மடிப்பு சரியாகத் தெரியவில்லை, இன்னும் ஒருக்கா விடுங்கள் என்று கேட்டார். அவர் மடிப்பு வருமுன்பே பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். உம்மாவுக்காகவும் அவர்கள் நிறுத்தவில்லை. தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அறை முழுக்கச் சிகரட்டும் ஆம்பிளை வேர்வையும். எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

பதினோராந்தரம் எண்ணிவிட்டேன். ஏழு மடிப்பு. கொப்பியில் எழுதினேன். எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் எனக்குச் செமிக்காமல் கிடப்பது அந்தச் சந்தோஷந்தான்.

விழா கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து இருந்தோம். மச்சான் மைதானத்துக்குள் இறங்கியபோது சனம் எழும்பி நின்று பார்த்தது. கடல் காற்றில் கொலர் மயிர் அசைந்தது, அவர் சொன்ன மாதிரியே. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைத் தொட்டுத் தொட்டு, நீயா தைத்தாய் என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன்.

கல்முனை பஸ் நிலையத்தில் ஒரு மனிசி திரிவாள். சித்த சுவாதீனம் இல்லை. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. சவளக்கடைப் பக்கம் என்பார்கள், திருக்கோவில் என்பார்கள். ஒருவருக்கும் தொந்தரவில்லை. எந்த ஆணைக் கண்டாலும் வாப்பா என்று கூப்பிட்டுக் கை நீட்டுவாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. சாப்பாடு கிடைக்கும் என்று அன்றைக்கு மைதானத்தோரம் வந்து நின்றாள்.

மச்சான் சுற்றி வரும்போது அவளைக் கண்டார். கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிப்போனார். ஏதோ தரப்போகிறார் என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவர் தள்ளினார். அவள் இரண்டு கையையும் ஊன்றி விழுந்தாள். அவர் அவளுடைய முடியை மிதித்துக்கொண்டு குனிந்தார்.

மடிப்பு விரிந்தது. என் கண் முதலில் அங்கேதான் போனது. ஏழும் சரியாக விரிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தேன்.

“வாப்பா, விடுங்க வாப்பா,” என்றாள். பெரிதாகக் கத்தவில்லை. மைதானம் முழுக்கச் சிரித்தது. ஒலிபெருக்கியில் ஒருவர், மேடையில் இருப்பவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது, தயவுசெய்து இந்தப் பக்கம் திரும்பி இன்னும் ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மச்சான் இன்னும் ஒருமுறை செய்தார்.

அந்த இரண்டாந்தரம் அவள் பயத்தில் சலம் போய்விட்டாள். மணல் நனைந்தது. சிரித்த சனம் இப்போது மூக்கைப் பொத்தியது. மச்சான் அங்கியின் ஓரத்தை விரலால் தூக்கிக்கொண்டு, அதில் பட்டுவிடாமல், பின்வாங்கினார். அவருடைய முகத்தில் அருவருப்பைக் கண்டேன். அவருக்கு அருவருப்பு. அவளைப் பார்த்து.

எங்களுக்குப் பின் பாயில் இருந்த, எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் எழும்பி, அத்தனை ஆண்களுக்கும் முன்னால் மைதானத்தைக் குறுக்கே நடந்து போய், அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது மட்டும் கொஞ்சம் சத்தம் அடங்கியது. நான் பாயிலேயே இருந்தேன்.

மச்சானுக்கு முதலாம் பரிசு. ஒரு பூப்போட்ட பிளாஸ்க். மறுநாள் காலையில் ராத்தா அதிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்குச் சத்தி வந்துவிட்டது. கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு மச்சான் கோட்டைக் கொண்டுவந்து மெஷினில் போட்டார். இரண்டாந்தரம் குனிந்தபோது இடுப்புத் தையல் விட்டிருந்தது. நிந்தவூரில் ஒரு கழகம் அவரை வரச் சொல்லியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

“நான் தைக்க மாட்டேன்,” என்றேன்.

ஏன் என்று கேட்டார். கோபமாக இல்லை, விளங்காமல்.

“நீங்க மிதிச்சது ஒரு மனிசிர முடிய.”

“படத்துல அப்பிடித்தானே இரிக்கி,” என்றார். “எல்லாம் படத்துல உள்ளபடி வேணும் எண்டுதானே நாம செஞ்ச.”

நாம என்றார். கோட்டை எடுத்து அவருடைய கதிரையில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனேன்.

ராத்தா அதைக் கையால் தைத்துக் கொடுத்தார். மடிப்பைச் சேர்த்துப் பிடித்துத் தைத்ததில் பின்பக்கம் சாக்கு மாதிரி ஆகிவிட்டது. மச்சான் அதைப் போட்டுக்கொண்டு நிந்தவூருக்குப் போய் வந்தார். என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். எனக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சும் அந்த வருஷம் நடுவில் நின்றன. யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் செத்த எலி போல நாறியது. தேடிப் பார்த்தால், பரணில் சாக்குக்குள் அந்தக் கோட். கொலர் முழுக்கப் புழு. உம்மா அதைத் தடியால் தூக்கிப் பின்வளவில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். மயிர் கருகிய நாற்றம் அன்று முழுக்க வீட்டில் நின்றது.

பிறகு ஊரில் வெடிச்சத்தமும் ஊரடங்குமாகப் பிரச்சினைகள் தொடங்கின. கழகம் கலைந்தது. அந்த மனிசியைப் பஸ் நிலையத்தில் அதற்குப் பிறகும் சில காலம் கண்டிருக்கிறேன். ஆண்கள் கிட்ட வந்தால் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். வாப்பா என்று கூப்பிடுவதை விட்டிருந்தாள். ஒருநாள் அவளுக்கு ஒரு தலைத்துணி கொண்டுபோனேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு வாங்காமல் எழும்பிப் போனாள். என்னை அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் வாங்கவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ராத்தாவும் நானும் பெருநாளைக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

“அண்டைக்கி மைதானத்துல எனக்கும் சத்திதான் வந்திச்சி.”

சுளகை நிறுத்திவிட்டு, பிறகு ஏன் அதைத் தைத்துக் கொடுத்தாய் என்று கேட்டேன். வீடு உன் பேரில்தானே, நீ யாருக்குப் பயந்தாய் என்று கேட்டேன்.

“வீடு என்ட பேருலதான்,” என்றார் ராத்தா. “எண்டாலும் அவரோடதானே புள்ள படுத்தெழும்பணும்.”

சொல்லிவிட்டுக் குனிந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார்.