ரெஸ்யூமில் அப்பாவின் நம்பர்

வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அப்பா பெயர் எதற்கு என்று கேட்டவள் நான்தான். கல்யாணத்துக்கா ஜாதகம் அனுப்புகிறோம்?

தென்னூரில் நான் போகும் டைப்பிங் கடையில் எல்லோருக்கும் ஒரே அச்சுதான். தகப்பனார் பெயர், மதம், ஜாதி, அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி. கூடவே ஒரு கவர் லெட்டர். அதில் ஊரில் உள்ள எல்லோரும் கடின உழைப்பாளிகள். அதைத்தான் நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பதில்கூட வந்ததில்லை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஆபீஸில் ஆறு வருஷம். அதைவிட்டு வெளியேற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனி சரக்கு அனுப்பும் பிரிவுக்கு ஆள் எடுப்பது தெரிந்ததும், ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்து நானே புதிதாக எழுதினேன். ஒரே பக்கம். மழையில் ரோடு அடைபட்ட அன்று லாரிகளை வேறு வழியாகத் திருப்பி, ஒரு மூட்டை நனையாமல் கொண்டு சேர்த்ததைக் கவர் லெட்டரின் தொடக்கமாக வைத்தேன். முடிவில், 'உடனே சேரத் தயார். எந்த ஊரானாலும் சரி' என்று எழுதினேன்.

அப்பா வாங்கிப் படித்தார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எம் பேரக் காணோமேம்மா?"

"இப்பல்லாம் போடறதில்லப்பா."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யை என்னால் தாங்க முடியவில்லை. அவர் மனம் ஆறட்டும் என்று போன் நம்பர் இடத்தில் அவருடையதைப் போட்டேன். எங்கள் வீட்டில் பெண்ணின் நம்பரைக் கண்டவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை. கேஸ் புக்கிலிருந்து பேங்க் வரை அவர் நம்பர்தான். அதனால் எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

தினமும் ஆலையிலிருந்து வந்ததும் கேட்பேன். "போன் வந்துச்சாப்பா?"

"இல்லம்மா."

மூன்று வாரம் பார்த்துவிட்டு நானே கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி தமிழில் தன்மையாகப் பேசினார்.

"உங்க அப்பாகிட்ட பேசினோமேங்க. கால் மணி நேரம் பேசினாரு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, கட்டில் பக்கத்துல உட்கார்ந்தே போன் பண்ணி லாரியெல்லாம் அனுப்பினீங்களாம். அவங்க முன்னாடி ஒரு நாள்கூட கண் கலங்கலையாம். எங்களுக்கு உங்கள எடுக்கணும்னுதான் இருந்துச்சு. கடைசியில, 'அவ என்னை விட்டுட்டு வர மாட்டா'ன்னு சொல்லிட்டாரு. இப்ப வேற ஒருத்தர் சேர்ந்துட்டாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். கோயிலைச் சுற்றியே வளர்ந்த எனக்குப் பூசாரி வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

கத்தினேன். பக்கத்துப் போர்ஷனுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினேன். "என்னைக் கேட்காம நீங்க எப்படிச் சொல்லலாம்? தினமும் இல்லம்மா, இல்லம்மான்னு என் மூஞ்சியப் பார்த்தே சொன்னீங்களே!"

அப்பா தோசைக்கல்லை இறக்கி வைத்தார். "வேணும்னு சொல்லலம்மா. எப்ப வந்து சேருவாங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்த வீட்டுல நான் மட்டும் லைட்டப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கறது நெனப்பு வந்துருச்சு. பயந்துட்டேன்."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கோபம் எனக்குத் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. ஆனால் அன்று அழுதது அந்த வேலைக்காக மட்டும் இல்லை.

மறுநாள், வேறு கம்பெனிகளுக்கு அனுப்ப மறுபடி எழுத உட்கார்ந்தேன். நம்பரை மாற்றி என்னுடையதைப் போட்டேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து லாரி அனுப்பியதை, அப்பா சொன்னபடியே கவர் லெட்டரில் சேர்த்தேன். நான் எழுதியதைவிட அதுதான் நன்றாக இருந்தது. எனக்காக இவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்த மனிதர்.

அப்பா பின்னால் வந்து நின்றார். "நம்பர மாத்திட்டியாம்மா?"

"மாத்திட்டேன்."

"அதான் சரி" என்றார்.

அவர் சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு, 'எந்த ஊரானாலும் சரி' என்ற வரியை அழித்தேன்.