எஞ்சினை நிப்பாட்டச் சொன்னேன்

கனடாவில், ஸ்காபரோவில் என் வீட்டு யன்னலுக்கு நேரே, கடைகளுக்குச் சாமான் இறக்க வரும் ட்ரக்குகள் முறைக்காகக் காத்து நிற்கும். ஜனவரிப் பனிக்குளிரில் ஒருநாள் காலை, ஒரு ட்ரக் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தோடு போய்க் கத்தினேன்.

"தம்பி, சும்மா நிண்டு எஞ்சினை ஓடவிட்டால் ஃபைன், தெரியுமோ? சிற்றி ஒஃபிசுக்குக் கோல் எடுத்துச் சொல்லுவன்!"

"ஓம் அன்ரி, நிப்பாட்டுறன்" என்றான் ட்ரைவர்.

வென்ற திருப்தியோடு தேத்தண்ணி குடித்தேன். அரை மணித்தியாலத்தால் எட்டிப் பார்த்தால், அவன் தலை ஸ்டியரிங்கில் கிடந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எஞ்சினோடு ஹீற்றரும் நிண்டுபோக, குளிர் தாங்காமல், கண்ணாடிகளை மூடிக்கொண்டு உள்ளே சின்னக் காஸ் அடுப்பை எரியவிட்டிருந்தான். அந்த நச்சுக் காற்றில் மயங்கிவிட்டான். அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஏற்றும்போது கண் திறந்து என்னைப் பார்த்தான்.

"அன்ரி, சிற்றிக்குக் கோல் எடுக்காதேங்கோ. நான் திரும்ப எஞ்சினைப் போடேல்லை."

செத்துப் பிழைத்தவன் பயந்தது எனக்குத்தான்.