புறங்கையால் தொட்டுப் பார்த்த விமானக் கதவு

2013 பிப்ரவரியில் பெங்களூருக்கு விமானத்தில் போனோம். பஸ்ஸில் ஏழு மணி நேரம் உட்கார முடியாத பெரியவர்களை அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மனைவியின் அண்ணன் அருளப்பனுக்கு எழுபத்தைந்து வயது, தீராத இடுப்பு வலி. பெங்களூரில் இருக்கும் மகளின் முதல் குழந்தை ஞானஸ்நானத்துக்கு அவர் போகவில்லை. இரண்டாவதுக்கும் வராவிட்டால் இனிமேல் எதற்கும் கூப்பிடுவதாக இல்லை என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். போகிற ரயிலில் இடமில்லை. மிச்சமிருந்தது புதுச்சேரி விமானம்தான்.

மச்சான் அறுபதுகளில் மீனம்பாக்கத்தில் வைக்கவுண்ட் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். நான்கு விசிறிகள், பெரிய பெரிய முட்டை வடிவ ஜன்னல்கள் என்று மணிக்கணக்கில் சொல்வார். ஆனால் ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

திண்டிவனத்தில் காலை எட்டு மணிக்குக் கார் கிளம்பியது. வாடகை 1,600 ரூபாய். கூட்டேரிப்பட்டில் ஒரு டீ. ஒன்பதேகாலுக்குக் கோலியனூரில் மச்சானை ஏற்றிக்கொண்டோம். அங்கிருந்து விமான நிலையம் சுமார் 35 கிலோமீட்டர். "பிளேன ரிப்பேர் பண்ணவரே பயந்துக்கினு இருந்தா, நாங்கல்லாம் எப்பிடி சார் ஏர்றது?" என்றார், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்த டிரைவர். மச்சான் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றும் பாடம் நடத்தும் பழக்கம் போகவில்லை எனக்கு. பழைய விமானங்கள் தாழப் பறந்து மேகத்துக்குள் குலுங்கும், பயணிகள் வாந்தி எடுப்பார்கள்; பிறகு சைக்கிள் டியூபில் காற்றடைப்பதுபோல விமானத்துக்குள்ளும் காற்றை அடைக்கக் கற்றார்கள், மேகத்துக்கு மேலே ஏறி அமர்ந்தபடி காபி குடித்தார்கள் என்று விளக்கினேன். உள்ளே தரையில் இருப்பது போலவே இருக்கும் என்று தைரியமும் சொன்னேன்.

"தரை மாதிரி இருக்காது மாப்ள. ஊட்டி உசரத்துல இருக்கிற மாதிரி காத்து கம்மியா இருக்கும். பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தான் சொல்லிக்குடுத்தீங்களா?"

முப்பது வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பிறகுதான் இத்தனை வருடம் பறக்காததற்குக் காரணம் சொன்னார். அந்தக் காற்று வெளியேறாமல் பிடித்து வைப்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை. அதைப் பார்ப்பது அவர் வேலை. உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும் என்பதால் புறங்கையால் தடவிப் பார்ப்பார்களாம். ஒருநாள் நகக்கண் அளவு கிழிசல் ஒன்றைத் தவறவிட்டார். பறப்பதற்கு முன் வேறொருவர் கண்டுபிடித்துவிட்டார். "என் கையே ஏமாத்திடுச்சி மாப்ள. இன்னொருத்தன் கைய எப்பிடி நம்பறது?"

பத்தரைக்கு விமான நிலையம். டிக்கெட் தலைக்கு 2,300 ரூபாய். இரண்டு விசிறிகள் கொண்ட விமானம்; கதவோடு சேர்ந்த படிகளில் ஏற வேண்டும். மேல் படியில் மச்சான் நின்றுவிட்டார். ரப்பர் பட்டையின் மேல் புறங்கையை வைத்து, கீழிருந்து மேலே மெல்ல நகர்த்தினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. பணிப்பெண் இரண்டு முறை உள்ளே வரச் சொன்னாள். அவர் என்னிடம், "நான் எறங்கிடறேன்" என்றார்.

கீழே நின்றிருந்த பெண் மெக்கானிக் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி ஏறி வந்தாள். "காலைல நான்தான் பாத்தேங்க ஐயா" என்று தன் கையைத் திருப்பிக் காட்டினாள். விரல்மூட்டுகளில் ரப்பர் கறுப்பு ஒட்டியிருந்தது.

மச்சான் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே போனார்.

பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினோம். விசிறி சுழன்று சுழன்று கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஏரிகள் சிதறிய கண்ணாடித் துண்டுகளாயின. செஞ்சி மலைகள் யாரோ கொட்டி வைத்த ஜல்லி போல நகர்ந்தன. பிறகு வெண்மை மட்டும், ஒரே சீரான ரீங்காரம். நடைவழி ஓரம் கேட்டு உட்கார்ந்த மச்சான், என் மடிமேல் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் எதையும் விளக்கவில்லை.

ஒன்றேகாலுக்குப் பெங்களூர். போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுங்கள். இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகும். முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி முன்பே சொல்லி வையுங்கள்.

திரும்புவதற்கு ரயிலில் படுக்கை கிடைத்திருந்தது. ஞாயிறு மாலை, ஞானஸ்நானம் முடிந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மச்சான் அதைக் கேன்சல் செய்யச் சொன்னார்.

"இந்தத் தடவ ஜன்னல் எனக்கு மாப்ள."