காது வலிக்காத சவுண்டு சர்வீஸ்

சவுண்டு சர்வீஸ் தொழிலில் 'ஏத்துங்க' என்று சொல்ல ஊரே வரும். 'குறைங்க' என்று சொல்ல ஒருத்தர் வந்தால் அதிசயம். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைக்கூடச் சைகையில் கேட்டு வாங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பக்கம் அந்தப் பாக்ஸை வைத்தவன் பெரும்பாலும் நான்தான்.

காதுக்குள் வண்டு

ஒரு கோயில் விழாவில் மூன்று நாளும் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாலாம் நாள் காலையில் வலது காதில் வண்டு குடைகிற மாதிரி ஓயாத ரீங்காரம். மனைவி செல்வி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டினாள்.

பயந்துபோய் சேலத்துக்கு இறங்கினேன். காது டாக்டரம்மா என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எதுவும் கேட்காமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிழைப்பே போச்சு என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் ரீங்காரம் நின்றது. மறுபடி சோதித்ததில் காதும் தேறியிருந்தது. இனி வேலையில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றேன். டாக்டரம்மா காதுக்கென்றே செய்த அடைப்பானை எழுதிக் கொடுத்தார்.

"பஞ்சு பத்தாதுங்க. இந்தத் தடவை காது திரும்பி வந்துருச்சு, எல்லாத் தடவையும் வராதுங்க."

மஞ்சக்குட்டைக் கல்யாணம்

அதற்கப்புறம் மஞ்சக்குட்டை ஊரில் வந்த கல்யாணத்தில் பாக்ஸுகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டி, பந்திக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, சத்தத்தையும் பாதியாக்கினேன். பெண்ணின் அப்பா காப்பித் தோட்டக்காரர். சத்தமில்லாத கல்யாணத்தை ஊர் மதிக்காது என்று கோபித்துக்கொண்டார். பந்தி முடியட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் ஏற்றுகிறேன் என்று கெஞ்சினேன். பந்தி முடிந்து கை கழுவி வந்தார்.

"இருக்கட்டுமுங்க, ஏத்த வேண்டாம். எம்பட மச்சான் நொம்ப நாளாப் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தாரு, இன்னிக்குப் பக்கத்துல உக்காந்து பேசிட்டாருங்க."

சமையல்காரரின் இயர்போன்

ஓட்டல் சமையல்காரர் முருகேசன், புது இயர்போனில் சத்தம் பத்தவில்லை என்று மூன்றாவது முறையாக என் கடைக்கு வந்தார். போட்டுப் பார்த்தேன், எனக்குக் காதே அதிர்ந்தது. சமையலறை மின்விசிறியின் இரைச்சலை மிஞ்ச அவர் முழுச் சத்தத்தில் கேட்டிருக்கிறார். அதே டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். வேலையிடத்தில் பாட்டு வேண்டாம், வீட்டில் பாதிச் சத்தத்தில் கேளுங்கள், நடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள் என்றாராம். ஒரு மாதம் கழித்து மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"இப்பல்லாம் பருப்புத் தீயறதில்லைங்க, குக்கர் விசிலு ஒண்ணு உடாமக் கேக்குது."

சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற எனக்கு, அதைக் குறைத்ததில்தான் நல்ல பேர் கிடைத்தது.