துண்டுக்குள் வந்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சரக்கை விரித்து வைக்கிறேன், புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. என் சித்தப்பாவுக்கு நடந்தது. யாராவது பேய் என்று வாயைத் திறந்தால், "அது என்ன விலைக்கு வருது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிற ஆள் அவர்.

பழ மொத்த வியாபாரி. மார்க்கெட்டில் அவருக்குப் 'பாதி' என்று பெயர். எந்த விலை சொன்னாலும் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால், "அஞ்சு நாள்ல முடிச்சுக்கலாமே டாக்டர்" என்பார். வீட்டில் சித்தி, மூன்று பெண்கள். கடைக்குட்டிக்கு ஆறு வயது. அவளிடம் மட்டும் சித்தப்பாவின் பேரம் எடுபடாது. கேட்டதைக் கொடுத்துவிட்டு அசடு வழிவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். ஆப்பிள் பெட்டிகளை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்குப் போனார். ஒரு பெரிய லாட் விற்பனைக்கு வந்திருந்தது. விற்கிறவன் முன்வரிசைப் பெட்டியைத்தான் காட்டுவான். பின்வரிசையை நாமே பார்த்துவிட்டால் விலையை இறக்கலாம் என்று கணக்குப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது அறைக்குள் நழுவினார். மெல்லிய சட்டை. தோளில் ஒரு துண்டு. போன், வெளியே காரில்.

கடைசி வரிசையில் குனிந்து ஒரு பெட்டியை முகர்ந்துகொண்டிருந்தார்.

தடக்.

கதவு. அடுத்த நொடி விளக்கும் போனது. சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. கிடங்கின் குளிர் மெஷினைக் கவனித்துக்கொள்ளும் மெஷின்காரர் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி திங்கட்கிழமைதான் வருவார்.

தடவித் தடவிக் கதவுக்கு வந்தார். உள்ளிருந்து திறக்கும் திருகு இருந்தது. திருகினார். அது பாட்டுக்குச் சுற்றியது. கத்தினார், உதைத்தார். ஒரு முழக் கனத்துச் சுவர் அத்தனையையும் விழுங்கிவிட்டது. இந்தக் குளிரில் இந்தச் சட்டையோடு திங்கட்கிழமை வரை தாங்காது என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கே தாங்காது.

மேலே மின்விசிறி ஹ்ம்ம்ம்ம்... என்று ஓடிக்கொண்டிருந்தது.

நின்றது.

அப்போதுதான் கேட்டது. கடைசி வரிசையில். சர்ர்ர்... பெட்டியை யாரோ தரையில் இழுக்கிற சத்தம். எலி என்று நினைத்தார். பெட்டி இருபது கிலோ. இழுக்கிறது எலி என்றால் அதற்குச் சம்பளமே கொடுக்கலாம் என்றும் நினைத்தாராம்.

சர்ர்ர்... இப்போது நடு வரிசையில்.

"யாரு?"

இன்னொன்றும் உறைத்தது. அறை முழுக்க ஆப்பிள் வாசனை இருந்ததே, அது இல்லை. துடைத்து எடுத்தது போல இல்லை.

விரல்கள் மரத்துப்போயின. கதவில் சாய்ந்து உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்து, இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழ வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். துண்டால் மூடி, எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை.

துண்டுக்குள் இருந்தவை அவருடைய இரண்டு கைகள்.

மூன்றாவதாக ஒன்று வந்தது.

அந்தக் குளிரில் அது சூடாக இருந்தது. முதலில் மணிக்கட்டைத் தொட்டது. ஆரம்பிக்கலாமா என்று தொழில்காரர்கள் கேட்பார்களே, அப்படி. பிறகு அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தது.

ஐந்து.

கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. அந்தக் கையின் ஒற்றை விரலைப் பிடித்தார்.

ஒன்று.

அது நான்கு என்றது. அவர் ஒன்று என்றார்.

மூன்று.

ஒன்று.

இரண்டு... அதில் அப்படியே நின்றது. முகத்துக்கு அருகே மூச்சு. அதுவும் சூடு.

சித்தப்பா தன் கடைசி வித்தையைக் காட்டினார். வியாபாரம் வேண்டாம் என்பது போலக் கையை இழுத்தார்.

அது விடவில்லை.

இழுத்தார்.

விடவில்லை.

பிறகு, மெதுவாக... ஒரு விரலை மட்டும் பிடித்தது. ஒன்று என்றால் ஆள்காட்டி விரலைத்தான் பிடிப்பது வழக்கம். அது சுண்டுவிரலைப் பிடித்தது. உள்ளங்கையில் ஒரு தட்டு. பேரம் முடிந்தது.

கதவு திறந்தது.

"முதலாளி, நீங்க எப்படி உள்ள?" மெஷின்காரர் வெலவெலத்துப் போய் நின்றார்.

"நீ எப்படித் திரும்பி வந்தே?"

"டிபன் பாக்ஸ மறந்துட்டேன்னு வழியில ஞாபகம் வந்துச்சு. வந்து பாத்தா பைக்குள்ளயே இருக்கு. சரின்னு திரும்பினா, உள்ளேருந்து ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு."

சித்தப்பா தட்டவில்லை. அவர் கைகள் துண்டுக்குள் இருந்தன.

எதிர்க் கடையில் இரண்டு டீ உள்ளே போனதும் உடம்புக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. "குளிர்ல மூளை கலங்கிருச்சுய்யா. யாரோ பேரம் பேசற மாதிரி. ஆனா பாரு, அப்பவும் நான் விடல. அஞ்சுல ஆரம்பிச்சான், ஒண்ணுக்குக் கொண்டு வந்துட்டேன்."

மெஷின்காரர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"முன்னாடி உருளைக்கிழங்கு வியாபாரி ஒருத்தர் இதே ரூம்ல மாட்டினாரு. அவரும் இதையேதான் சொன்னாரு. நாலுல ஆரம்பிச்சுச்சாம். மூணுல முடிச்சேன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"மூணு என்ன?"

"அப்போ அவருக்கும் தெரியல. ஒரு வருஷத்துக்குள்ள தெரிஞ்சுது. இப்போ அந்த வீட்ல அவர் மட்டும்தான் இருக்காரு."

"ஏன் நாலுல ஆரம்பிக்கணும்?"

"அவங்க வீட்ல மொத்தம் நாலு பேரு, முதலாளி."

சித்தப்பா தன் வீட்டு ஆட்களை விரல் மடக்கி எண்ணினார்: ஐந்து. சரக்கு என்னவென்று கேட்காமல் அவர் விலை பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எழுந்தார். "ரூமைத் திற. நான் உள்ள போனதும் கதவை மூடு. அரை மணி நேரத்துக்குத் திறக்காதே."

"வேணாம் முதலாளி."

"திறய்யா."

இருட்டில் அதே இடத்தில் உட்கார்ந்தார். துண்டை விரித்தார். உள்ளே கட்டை விரலை மட்டும் நீட்டி வைத்தார். இதை எடுத்துக்கோ. என்னை எடுத்துக்கோ. காத்திருந்தார். பற்கள் கிட்டும் வரை காத்திருந்தார்.

மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ஆப்பிள் வாசனை வந்தது. வேறு யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசல்படி காலைச் சுட்டது. கடைக்குட்டி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடா கண்ணு, கை இப்படி இருக்கு?"

"தெரியலப்பா. மத்தியானத்துலேருந்து இது ஒண்ணு மட்டும் குளிருது."

சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.